குழாய்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அழைக்கும் உதவி எண் ஒன்றில் பல வருடமாக ஃபோன் எடுக்கிறவள் நான். ஒருநாள் வந்த அழைப்பில், முதல் சில நிமிடம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். வீட்டில் யார் காதிலும் விழக்கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார் அந்தப் பெண். கேட்டது ஒரே கேள்வி: "நான் குளிச்சிடலாமா?" அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

பாலியல் வன்முறைக்குப் பிறகு உதவி கேட்பதென்றால் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிக்க வேண்டும் என்று நினைத்தே பலர் ஃபோனை எடுத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். வேண்டியதில்லை. அந்த மாதிரி ஒரு கேள்வி போதும். பெரும்பாலான உதவி எண்களில் பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

அவர் கேள்விக்கு வருகிறேன். தடயம் எடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடியும்வரை குளிக்காமல் இருப்பது நல்லது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, அப்போதும் போகலாம்.

போலீசா, ஆஸ்பத்திரியா, எது முதலில் என்று கேட்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றால் நான் ஆஸ்பத்திரி என்பேன். காரணம் கடிகாரம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள்வரை நேரம் உண்டு, ஆனால் தள்ளத் தள்ளப் பலன் குறையும். புகார் கொடுப்பதா என்பதை அப்புறமும் யோசிக்கலாம். வாய் திறக்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் சொல்றதை வேற யாருக்காவது நீங்க தெரிவிச்சாகணுமா?" சட்டம் ஊருக்கு ஊர் வேறு. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் பல நாடுகளில் தெரிவித்தே ஆக வேண்டும்.

பரிசோதனையின் எந்தக் கட்டத்திலும் "போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 'கன்னித்தன்மைப் பரிசோதனை' என்று யாராவது ஆரம்பித்தால் மறுத்துவிடுங்கள். அதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை, ஒழித்துக்கட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது.

"ஏன் கத்தலை?" என்று கேட்கிறவர்கள் வீட்டிலும் உண்டு, வெள்ளைக் கோட்டுக்குள்ளும் உண்டு. எனக்குக் கோபம் வரும் இடம் இது. பயத்தில் உடம்பு உறைந்துபோவது மூளை தன்னிச்சையாகச் செய்கிற வேலை. சம்மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சலர், அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், வேறொருவரைத் தேடலாம். ஆண்களுக்கும் இதே உதவிதான். பத்து வருடம் முன்னால் நடந்ததென்றாலும் பேச வரலாம். ஆற்றுப்படுத்தலுக்குக் கெடு கிடையாது.

வீட்டிலேயே பயம் என்றால், பேசி முடித்ததும் ஃபோனிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

அந்தப் பெண் மறுநாள் காலை மறுபடி அழைத்தார். "குளிச்சிட்டேன். துணி மட்டும் காகிதப் பையில இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட யாராவது வருவாங்களா?"

எங்கள் குழுவில் ஒருவர் போனார்.