திரையில் நெல், திரையில் மீன்

நேயர்களுக்கு வணக்கம். கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றிக் காதில் சொல்லச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு வசதி உண்டு. "படம் அபாரம், மரத்தில் இலை அசைவது வரைக்கும் தெரிகிறது" என்று சொல்லிப் பேச்சை ஓட்ட முடியாது. விளையாடுகிறவரின் கை என்ன செய்கிறது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வீடியோ கேம் விமர்சனம் எழுதும்போதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்றைக்கு எடுத்துக்கொண்டவை மீன்பிடி, வேட்டை, விவசாயம், கொஞ்சம் சாகசப் பயணம். இவை நிஜத்தில் பலரும் பிழைப்புக்காகச் செய்கிற வேலைகள். ஒரு போக நெல்லுக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விளையாட்டைச் செய்கிறவர் அதில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, சிலதை மட்டும் நம் கையில் கொடுக்கிறார். எதைக் கழித்தார், எதைக் கொடுத்தார்? விளையாட்டு தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஃபார்ம்வில் ஞாபகம் இருக்கிறதா? 2009 ஜூன் மாதம் ஃபேஸ்புக்கில் வந்தது. உச்சத்தில் இருந்தபோது மாதத்துக்கு எட்டுக் கோடிப் பேருக்கு மேல் விளையாடினார்கள். அதில் ஸ்ட்ராபெரி போட்டால் நிஜக் கடிகாரத்தில் நான்கு மணி நேரத்தில் விளையும். விளைந்ததைப் போய்ப் பறிக்காமல் விட்டால் வாடிப்போகும். அதனால் ஆபீஸ் வேலைக்கு நடுவே கள்ளத்தனமாக அறுவடை செய்தவர்கள் உண்டு, நடுராத்திரியில் அலாரம் வைத்து எழுந்தவர்களும் உண்டு. விவசாயத்தின் அத்தனை வேலைகளிலும் அது நம்மிடம் விட்டுவைத்தது ஒன்றே ஒன்று: நேரத்துக்கு ஆஜராவது. மண், தண்ணீர், பூச்சி எதுவும் கிடையாது. 2020 டிசம்பர் 31-இல் அதை மூடினார்கள். அது ஓடிய ஃப்ளாஷ் என்ற இணையத் தொழில்நுட்பத்துக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள். எனக்கு வருத்தமில்லை.

இதற்கு நேர் எதிர் ஸ்டார்டியூ வேலி. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன் என்பவர் தனியாளாகச் செய்தது. நிரல், படம், இசை, வசனம் எல்லாம் அவரே. ஏறக்குறைய நாலரை வருஷம் பிடித்தது. அந்தக் காலத்தில் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலையும் பார்த்தார். 2016 பிப்ரவரியில் வெளியானது, 2024 முடிவதற்குள் நான்கு கோடிக்கு மேல் விற்றுவிட்டது. இதற்கு முன்னோடி ஜப்பானில் 1996-இல் வந்த ஹார்வெஸ்ட் மூன். அதை உருவாக்கிய யசுஹிரோ வாடா கிராமப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்குப் போனவர். விட்டுவந்த ஊரை நினைத்துச் செய்த விளையாட்டு அது.

ஸ்டார்டியூவில் தாத்தா விட்டுப்போன தோட்டம் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. கல்லும் கட்டையும் களையுமாகக் கிடக்கிறது. ஊர்த்தலைவர் பார்ஸ்னிப் விதை பதினைந்து கொடுத்து ஆரம்பித்து வைக்கிறார். பார்ஸ்னிப் என்றால் வெள்ளைக் கேரட் மாதிரி ஒரு கிழங்கு. மண்வெட்டியால் ஒவ்வொரு கட்டமாகக் கொத்த வேண்டும், விதை போட வேண்டும், பூவாளியால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாலாம் நாள் கிழங்கு தயார். விளையாட்டின் ஒரு நாள் நமக்குச் சுமார் 14 நிமிஷம். உடம்பில் தெம்பும் அளவோடுதான் இருக்கும். காலையில் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் பாதித் தெம்பு போய்விட்டால், சுரங்கத்துக்குப் போவதா மீன் பிடிக்கப் போவதா என்று யோசிக்க வேண்டிவரும். மழை பெய்கிற நாளில் பூவாளிக்கு விடுமுறை. திரையில் மழை விழுந்ததும் மனசு லேசாவது நடிப்பில்லை, நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். இத்தனைக்கும் காரணம் அந்தப் பூவாளியை அவர் நம் கையில் விட்டுவைத்ததுதான்.

ஆனால் அதே விளையாட்டில் பிறகு தானியங்கித் தெளிப்பான் வந்துவிடுகிறது. நூறு செடிக்கும் அதுவே நீர் பாய்ச்சும். அப்புறம் நீங்கள் விவசாயி இல்லை, மேலாளர். முதல் பத்து மணி நேரத்தை விளையாடிவிட்டு விமர்சனம் எழுதுகிறவர் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறார், ஐம்பது மணி நேரம் விளையாடியவர் வேறொன்றைப் பற்றி எழுதுகிறார். இந்த வகை விளையாட்டுகளின் விமர்சனத்தை வாசிக்கும்போது, எழுதியவர் எத்தனை தூரம் போனார் என்று கவனியுங்கள்.

இன்னொரு குறை. ஸ்டார்டியூவில் நீங்கள் எத்தனை வண்டி தக்காளி கொண்டுபோனாலும் விலை இறங்காது. ஒட்டன்சத்திரம் சந்தையில் நின்ற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார். உழைத்தால் விலை உண்டு என்பதுதான் இந்த விளையாட்டின் உண்மையான மாயாஜாலம். மந்திரவாதி ஒருவர் ஊருக்கு வெளியே கோபுரத்தில் இருப்பதெல்லாம் அப்புறம்தான்.

விலை ஏறி இறங்குகிற விவசாயம் வேண்டுமென்றால் ஃபார்மிங் சிமுலேட்டர் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜயன்ட்ஸ் நிறுவனம் 2008 முதல் வெளியிட்டு வருகிறது. ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அங்கே விலை இறங்கும். கொஞ்ச நாள் பொறுத்தால் ஏறும். நிஜ நிறுவனங்களின் டிராக்டர், அறுவடை இயந்திரம் எல்லாம் அப்படியே வரும். 2024 நவம்பரில் வந்த பதிப்பில் நெல்லையும் நீர் எருமையையும் சேர்த்தார்கள். வயலில் தண்ணீர் கட்டி, நாற்று வாங்கி, நடவு இயந்திரத்தில் நடலாம். ஆனால் சேறு காலில் ஒட்டாது. இது டிராக்டர் பிரியர்களுக்கான விளையாட்டு. வயல் என்பது வண்டி ஓட்டுவதற்கான இடம். குறையாகச் சொல்லவில்லை. அதை மறைக்காமல் செய்கிறார்கள்.

நெல்லுக்கென்றே பிறந்த விளையாட்டு வேறு. சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின். 2020-இல் ஜப்பானின் எடெல்வைஸ் என்ற மிகச் சின்னக் குழு செய்தது. செல்லமாக வளர்ந்த ஒரு அறுவடைத் தெய்வத்தைத் தப்புக்குத் தண்டனையாக அரக்கர்கள் நிறைந்த தீவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே போய் அவள் நெல் விளைவிக்க வேண்டும். விளைச்சல் எப்படியோ அப்படித்தான் அவளுடைய பலம். மோசமாக விளைந்தால் அடுத்த வருஷம் அரக்கனிடம் அடி வாங்குவாள்.

இதில் என்னை உட்கார வைத்தது விதைத் தேர்வு. விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கிற பதரை ஒதுக்கி, மூழ்குகிற கனமான விதையை எடுக்க வேண்டும். நம் ஊரில் முட்டையைப் போட்டு, அது மிதக்கிற வரைக்கும் உப்பைக் கரைத்து விதை பிரிப்பார்களே, அதே சங்கதி. அதிகமாகக் கழித்தால் கையில் இருக்கும் விதை குறையும், ஆனால் தரம் கூடும். அப்புறம் நடவு. ஒவ்வொரு நாற்றாக நாமே ஊன்ற வேண்டும், நெருக்கினால் ஒரு பலன், இடைவெளி விட்டால் இன்னொரு பலன். மடையைத் திறந்து எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். களை பறிக்க வேண்டும். அறுத்துக் காயவைக்க வேண்டும். கதிரிலிருந்து நெல்லை உருவுவதற்கு ஆரம்பத்தில் கிடைப்பது இரண்டு குச்சி மட்டும். ஒரு பிடி, இன்னொரு பிடி என்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல கருவி வந்த பிறகுதான் மூச்சு வருகிறது. வெளியானபோது ஜப்பானிய விளையாட்டாளர்கள் சந்தேகம் தீர்க்கத் தங்கள் நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைத் திறந்தார்கள் என்பது பெரிய செய்தியானது. விளையாட்டுக்குத் தனியாகக் கையேடு தேவைப்படவில்லை.

சண்டைப் பகுதி சுமார்தான். ஒரே மாதிரியான இடங்கள், ஒரே மாதிரியான மிருகங்கள். நான் சண்டையை முடித்துக்கொண்டு சீக்கிரம் வயலுக்கு ஓடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேட்டைக்கு வருவோம். தொண்ணூறுகளில் டிவி கேம் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கியால் வாத்து சுட்டவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நிண்டெண்டோவின் டக் ஹன்ட், 1984. குறி தப்பினால் புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரிக்கும். விசையை அழுத்திய கணத்தில் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. பழைய குண்டு டிவியை நம்பிச் செய்த வித்தை, இன்றைய தட்டை டிவியில் எடுபடாது.

டக் ஹன்ட் வேட்டையில் குறியை மட்டும் வைத்துக்கொண்டது. 2017-இல் வந்த தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட் குறி பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. நடை, காத்திருப்பு, காற்று. நம் வாசனை காற்றுவாக்கில் மானிடம் போய்விட்டால் அவ்வளவுதான். எந்த மிருகம் எந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வரும், எப்போது மேயும், எங்கே படுக்கும் என்று தடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அரை மணி நேரம் நடந்து ஒன்றுமே கிடைக்காமல் திரும்புவது இதில் சகஜம். சுட்டு விழுந்த பிறகு ஒரு படம் வரும்: குண்டு எந்த வழியாகப் போனது, நுரையீரலில் பட்டதா குடலில் பட்டதா என்று உடலின் உள்ளே காட்டும். குடலில் பட்டிருந்தால் மிருகம் வெகுதூரம் ஓடித் துடித்துச் செத்திருக்கும். நீங்கள் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போயிருப்பீர்கள். மதிப்பெண் குறையும்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாட்டும் இதே வழிதான். 2018-இல் வந்தது, கதை நடப்பது 1899-இல். முயலைப் பெரிய துப்பாக்கியால் சுட்டால் தோல் உருப்படாது. உரிக்கிற காட்சியை முழுசாகக் காட்டுவார்கள், அவசரப்படுத்த முடியாது. இது வேண்டாத இழுவை என்று எரிச்சலானவர்கள் உண்டு. எனக்குச் சரியென்றே படுகிறது. கொன்றவன் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்பது குற்றம். நமக்கு அது திரையில் மட்டும்தான், அங்கேயாவது அதன் கனம் தெரிவது நல்லது.

மீன்பிடியில் வானொலி நேயர்களுக்கு ஏற்ற ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் மாதம், ஊரடங்கு தொடங்கிய நேரத்தில் வந்த அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ். தண்ணீரில் நிழல் தெரியும், அதன் முன்னால் தூண்டில் போட வேண்டும். மீன் இரையைத் தொட்டுப் பார்க்கும். தக்கை லேசாக ஆடும். அப்போது இழுத்தால் போச்சு. தக்கை முழுசாக முங்கும்போது இழுக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு தடவை தொட்டுப் பார்க்கும், ஐந்தாவதில் கண்டிப்பாகக் கடித்துவிடும். கண்ணை நம்பினால் அவசரப்படுவோம். கண்ணை மூடிக்கொண்டு அந்த 'முங்' என்ற சத்தத்தை மட்டும் கேட்டு இழுப்பவர்களுக்கு மீன் தப்புவதில்லை.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ட்ரெட்ஜ். நியூசிலாந்துக் குழு ஒன்று 2023-இல் வெளியிட்டது. சின்னப் படகு, தீவுக் கூட்டம், ராத்திரியானால் கடலில் இன்னதென்று தெரியாத பயம். மீனைத் தூக்குவது சுலபம். கஷ்டம், பிடித்த மீனை எங்கே வைப்பது என்பதில். படகின் இடம் சின்னச் சின்னக் கட்டங்கள். எஞ்சின், வலை, விளக்கு எல்லாம் அதே கட்டங்களைத்தான் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு வடிவம். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். வைத்திருந்தால் மீன் கெட்டுப்போகும். நிரம்பாத படகோடு கரைக்குத் திரும்புவதா, இன்னும் ஒரு வலை போட்டு இருட்டில் மாட்டுவதா? கடலுக்குப் போகிறவர்களின் அசல் கணக்கு இதுதானே. பாறையில் மோதினால் படகில் ஓட்டை மட்டும் விழாது. அந்தக் கட்டத்தில் இருந்த மீனும் போகும். சாகசம் என்று தனியாக எதையும் ஒட்டவைக்காமல், மீன்பிடியிலிருந்தே பயத்தை எடுத்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. ரெட் டெட் பெரியவர்களுக்கானது, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ட்ரெட்ஜ் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தும். ஸ்டார்டியூ தாராளமாகக் கொடுக்கலாம், கைப்பேசியிலும் ஓடும். அதில் மீன்பிடிக்கும்போது மேலும் கீழும் துள்ளுகிற மீனோடு ஒரு பச்சைப் பட்டையை நகர்த்த வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கடுப்பு வரும். விளையாட்டில் வரும் கடற்கரையில் வில்லி என்ற மீனவரின் கடையில், விளையாட்டுக் காசு 25-க்குப் பயிற்சித் தூண்டில் கிடைக்கும், அதை வாங்கச் சொல்லுங்கள். பட்டை பெரிதாகிவிடும். சாதாரண மீன் மட்டும்தான் மாட்டும். நன்றி, வணக்கம்.