பழைய ஜீப்பில் வீல் ஸ்டட் மாற்றுவது: ஓட்டையைக் காப்பாற்றுங்கள்

[காட்சி: பெஞ்சின் மேல் ஒரு முன் சக்கர டிரம். ஐந்து ஸ்டட்களில் ஒன்று அடியோடு முறிந்திருக்கிறது.]

வணக்கம் மக்களே. திரையில் இருப்பது மஹிந்திரா சிஜே 3பி ஜீப்பின் முன்பக்க டிரம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் கேனும் ஷீட்டும் சுமந்த வண்டி. இப்போது தக்கலையில் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. சக்கர நட் ஏறும் மரைக் கம்பிதான் ஸ்டட். ஐந்து ஸ்டட்டில் ஒன்று போய்விட்டது, இன்னும் இரண்டில் மரை மழுங்கிக் கிடக்கிறது. ஐந்தையும் மாற்றப் போகிறோம்.

முறிந்ததை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. ஒன்று முறிந்த பிறகும் வண்டி ஓடியிருக்கிறது. அதன் பாரத்தைப் பக்கத்தில் இருப்பவைதான் சேர்த்துத் தாங்கியிருக்கும். அவற்றில் விரிசல் விழுந்திருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டட் போனால் வேறு ஸ்டட் வாங்கலாம். ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தில், அது உட்காரும் ஓட்டை போனால் ஹப்பே போன மாதிரிதான். பழைய ஜீப்புக்கு நல்ல ஹப் தேடி அலைவது லேசான காரியம் இல்லை. அதனால் வேலை முழுக்க நம் கண் ஓட்டை மேல்தான் இருக்க வேண்டும்.

[காட்சி: முறிந்த ஸ்டட்டின் முகம், மிக அருகில்.]

இந்த முறிவைப் பாருங்கள். ஒரு பாதி வழவழப்பாக, வளைவு வளைவான கோடுகளோடு இருக்கிறது. மறு பாதி சொரசொரப்பு. வழவழப்பான பகுதி நாள்பட்டு மெல்ல மெல்லப் பரவிய விரிசல். சொரசொரப்பு, கடைசியில் பட்டென்று ஒடிந்த இடம். அப்படியென்றால் இந்தச் சக்கரம் நட் தளர்ந்த நிலையில் நெடுநாள் சுற்றியிருக்கிறது.

வண்டியின் எடை முழுக்க ஸ்டட் மேல் தொங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் ரிம்மை டிரம்மோடு சேர்த்து அழுத்துகிறது. எடையையும் பிரேக்கின் விசையையும் தாங்குவது அந்த அழுத்தத்தால் வரும் உராய்வு. நட் தளர்ந்தால் உராய்வு போய்விடும், ரிம் நுணுக்கமாக அசையும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் வளைந்து வளைந்து நிமிரும். கட்டுக்கம்பியைக் கையால் மாற்றி மாற்றி வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான்.

[காட்சி: வண்டியின் இடப்பக்கச் சக்கரம்.]

நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் இன்னொன்று. பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கத்துக்கு நேர் எதிர்: கடிகார முள் திசையில் சுற்றினால் கழலும். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது நட் தானாகத் தளரக் கூடாது என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அந்த வம்சத்தில் வந்த பழைய மஹிந்திராவைக் கையில் எடுத்தாலும் இதைப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். ஸ்டட் நுனியைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்தால் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து தெரியலாம். எழுத்து அழிந்திருந்தால் மரையின் சாய்வைப் பாருங்கள். ஸ்டட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் வலது மரை வலப்பக்கமாக ஏறும், இடது மரை இடப்பக்கமாக ஏறும். இது தெரியாமல் ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதிப்பவர்கள் கையில் எத்தனையோ நல்ல ஸ்டட் ஒடிந்திருக்கிறது. இடது மரை ஸ்டட்டைக் கழற்றினால் இடது மரையே திரும்பப் போடுங்கள். ஒரே சக்கரத்தில் இரண்டையும் கலந்துவிட்டால், நாளை மழையில் பஞ்சர் பார்க்க வருபவர் திண்டாடுவார்.

வண்டியைத் தூக்குவது பற்றிச் சுருக்கமாக. சமதரை வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட். செங்கல்லும் வெட்டுகல்லும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெட்டுகல் சுவருக்கு நல்லது, வண்டிக்கு அடியில் பொடிந்துவிடும்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் கம்ப்ரசர் வைத்து ஊதக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

முன்பக்கத்தில் டிரைவ் ஃபிளாஞ்சை (ஆக்ஸிலின் சுழற்சியை ஹப்புக்குக் கொடுக்கும் தகடு) கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு பெரிய நட்டுகளை எடுத்தால் ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே வெளியே வரும். பேரிங்கைத் துணியில் சுற்றி, மண் படாமல் எடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் டேப்பர் ஷாஃப்ட் (நுனி நோக்கிக் குறுகும் தண்டு) உள்ள ஆக்ஸில் என்றால் ஹப்பை இழுக்கப் புல்லர் வேண்டும். ஷாஃப்ட் நுனியில் சம்மட்டியால் அடித்தால் அந்த அடி நேராக பேரிங்குக்குப் போகும்.

[காட்சி: ஸ்டட் வெளியே வரும் இடம், விரல் சுட்டிக் காட்டுகிறது.]

இதுதான் வேலையின் உயிர் இருக்கும் இடம். ஸ்டட்டைச் சுற்றி டிரம்மின் முகத்தில் ஒரு வளையம் மாதிரி உலோகம் நசுங்கிப் படிந்திருக்கிறது, தெரிகிறதா? தொழிற்சாலையில் ஸ்டட்டை ஏற்றிய பிறகு, அதன் கழுத்தை அழுத்தி விரித்து டிரம்மை ஹப்போடு பூட்டியிருக்கிறார்கள். ஸ்டட்டின் தலை உள்பக்கம் இருப்பதால் வெளியிலிருந்து உள்ளே தள்ளித்தான் அதை எடுக்க வேண்டும். இந்த வளையத்தை வெட்டாமல் தள்ளினால், விரிந்த கழுத்து ஓட்டையைக் கிழித்துக்கொண்டே போகும். அப்புறம் எந்தப் புது ஸ்டட்டும் அதில் பிடிக்காது. நட்டை முறுக்கினால் ஸ்டட்டும் கூடவே சுற்றும்.

அதனால் முதலில் ஹப்புக்கும் டிரம்முக்கும் சேர்த்து ஒரு பஞ்ச் அடையாளம் வையுங்கள், பிறகு இரண்டும் பழைய இடத்திலேயே பொருந்த வேண்டும். ஸ்டட்டை முகத்திலிருந்து ஒரு விரல் உயரம் விட்டு கிரைண்டரால் வெட்டுங்கள். நடுவில் சென்டர் பஞ்ச். சின்ன பிட்டில் தொடங்கி, படிப்படியாகப் பெரிய பிட்டுக்குப் போய், கழுத்தின் ஆழம் வரை துளையிடுங்கள். கோபால்ட் பிட், மெதுவான வேகம், நிறைய எண்ணெய். உள்ளே குடைந்ததும் சுவர் மெலிந்து கழுத்தின் பிடி விட்டுப்போகும். மிச்சமிருக்கும் வளையத்தை ஓட்டையின் விளிம்பு படாமல் அரைத்து எடுங்கள். நடுப்புள்ளி விலகாமல் துளையிட முடியாது என்று தோன்றினால் ட்ரில் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். இதில் மிச்சப்படுத்தும் காசு காசே இல்லை.

தள்ளும்போது, ஸ்டட் தலை நுழையும் அளவுக்கு ஒரு கனமான பைப் துண்டை ஓட்டைக்கு நேர் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும். தாங்கல் இல்லாமல் அழுத்தினால் ஹப்பின் ஃபிளாஞ்ச் வளையும். வார்ப்பிரும்பு டிரம் என்றால் விரிசலே விழும்.

[காட்சி: மார்த்தாண்டத்தில் ஒரு லேத் பட்டறை. பிரஸ்ஸில் ஹப்.]

பட்டறையில் நடந்த பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன், கேளுங்கள்.

“தம்பி, புது ஸ்டட்டுக்கு எதுக்கு அலையணும்? கம்பி இருக்கு, சாயங்காலத்துக்குள்ள கடைஞ்சு தாறேன்.”

“வேண்டாம் அண்ணே. அது மைல்டு ஸ்டீல் கம்பில்லா?”

“ஆமா.”

“வீலுக்குப் போடுறது. தாங்காது அண்ணே.”

அந்த அண்ணன் கை சுத்தமான கை. நாம் கேட்டால் எதையும் அளவு பிசகாமல் கடைந்து தருவார். ஆனால் குறை கம்பியில் இருக்கிறது. மைல்டு ஸ்டீல் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 400 நியூட்டன் இழுப்பில் அறுந்துவிடும். 10.9 தர போல்ட் எஃகு 1000 வரை தாங்கும், 900 வரை நிரந்தரமாக நீளாது. அதோடு, தொழிற்சாலை ஸ்டட்டில் மரையை வெட்டுவதில்லை, உருட்டி அழுத்தி எடுக்கிறார்கள். அப்படி எடுத்த மரையின் அடியில் விரிசல் எளிதில் தொடங்காது. ஓட்டையில் ஸ்டட் லூசாக இருக்கிறது என்று தலையில் வெல்டிங் வைப்பதும் கூடாது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டு, ஸ்டட் வெல்டிங் ஓரத்திலேயே ஒடியும்.

[காட்சி: வெர்னியர், மரை கேஜ், இரண்டு ஸ்டட்கள் அருகருகே.]

கடைக்குப் போகும்போது நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்டட் ஒன்றையும் வெர்னியரையும் கொண்டு போங்கள். மரையின் விட்டம், மரை இடைவெளி, பல் பல்லாக இருக்கும் கழுத்தின் விட்டம், அந்தக் கழுத்தின் நீளம், மொத்த நீளம் எல்லாம் ஒத்து வர வேண்டும். கழுத்து ஓட்டையைவிடச் சற்றே பெரிதாக இருந்தால்தான் இறுகிப் பிடிக்கும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இந்த ஜீப்பின் ஸ்டட் அரை அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 20 மரை. மில்லிமீட்டரில் சொன்னால் 12.7 விட்டம், 1.27 இடைவெளி. கடையில் எளிதில் கிடைக்கும் இன்னொரு ஸ்டட் 12 மில்லிமீட்டர், 1.25 இடைவெளி. இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அரை அங்குல நட் அந்த 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் தாராளமாக ஏறிவிடும். பாருங்கள், விரலாலேயே சுற்றுகிறேன், போகிறது. இப்போது பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இந்த ஆட்டம் தெரிகிறதா? மரைகள் ஒன்றையொன்று நுனியில்தான் பிடித்திருக்கின்றன. முறுக்கினால் ஒருவேளை இறுகின மாதிரி இருக்கும். கீரிப்பாறை ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது மொத்தமாக உருவிக்கொண்டு வரும். நட்டும் ஸ்டட்டும் ஒரே அளவா என்று கடையிலேயே ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஏற்றுவதற்குப் பிரஸ்தான் நல்லது. பழைய பற்கள் ஓட்டையில் விட்ட பள்ளங்களில் புது ஸ்டட்டின் பற்கள் விழுகிறதா என்று கையால் திருப்பிப் பார்த்து, பொருந்தின பிறகு நேராக அழுத்துங்கள். பிரஸ் இல்லாதபோது வாஷர்களை அடுக்கி நட்டால் இழுத்து ஏற்றுவார்கள். அப்படிச் செய்தால் அதற்கென்று தனி நட் வைத்துக்கொண்டு, வாஷர்களுக்கு இடையில் கிரீஸ் தடவி, மரையில் படாமல் செய்யுங்கள். அந்த நட்டைச் சக்கரத்துக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தலை பின்பக்கம் முழுக்கப் படிந்ததா என்று மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

[காட்சி: புதிதாகப் பெயிண்ட் அடித்த ரிம்.]

இங்கேதான் அழகாகச் செய்த வண்டிகள் கெடுகின்றன. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று. மலையோரத்தில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் ஈரம் காயாது. துருவுக்குப் பயந்து எல்லா இடத்திலும் தடிமனாகப் பெயிண்ட் அடித்துவிடுகிறோம். ரிம்மும் டிரம்மும் ஒன்றோடொன்று அமரும் முகத்திலும், நட் அமரும் கூம்பிலும் தடித்த பெயிண்ட் இருக்கவே கூடாது. அழுத்தத்திலும் பிரேக் சூட்டிலும் அந்தப் படலம் நசுங்கி மெலியும். ஸ்டட் நீண்டதே மயிரிழை அளவு. பெயிண்ட் அந்த அளவு மெலிந்தாலே இறுக்கம் போய்விடும். அடிக்கும்போதே அந்த இடங்களை டேப் ஒட்டி மறையுங்கள். மெல்லிய பிரைமர் ஒரு கோட் போதும்.

மரை சுத்தமாக, உலர்ந்து இருக்கட்டும். நாம் போடும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது, மீதி உராய்வில் கழிகிறது. மரையில் எண்ணெய் விட்டால் உராய்வு குறையும், அதே முறுக்கில் ஸ்டட் அளவுக்கு மீறி நீளும். சர்வீஸ் மேனுவலில் எண்ணெய் போடச் சொல்லியிருந்தால் மட்டும் போடுங்கள், முறுக்கு அளவையும் அங்கிருந்தே எடுங்கள்.

எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். அப்புறம் ஒன்றுவிட்டு ஒன்றாக, சக்கரம் தரையைத் தொடாமல் பாதி இறுக்கம். வண்டியை இறக்கி, டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) அதே வரிசையில் முழு இறுக்கம். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு இருக்கட்டும்.

[காட்சி: வண்டி ஷெட்டிலிருந்து வெளியே வருகிறது.]

50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஹப் ஆறிய பிறகு, அதே அளவில் டார்க் ரெஞ்சை வையுங்கள். முதல் தடவை நட் கொஞ்சம் நகர்ந்தால் பயப்பட வேண்டாம், முகங்கள் படிந்து அமர்கின்றன. இன்னொரு முறை ஓட்டிவிட்டுப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் மேலும் முறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, கூம்பில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா, ரிம் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டதா, ஸ்டட்டின் தலை பின்னால் முழுக்கப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.