நகராத சைக்கிளில் முதல் மாதம்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் அந்தக் காலத்தில் ஓர் ஆயில் என்ஜின் இருந்தது. இரண்டு பக்கமும் கனத்த இரும்புச் சக்கரம். தண்ணீர் பாய்ச்சி முடித்து அப்பா என்ஜினை நிறுத்திய பிறகும் அந்தச் சக்கரங்கள் வெகு நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். "சத்தம் நின்னுபோச்சுன்னு கிட்ட போயிராத கண்ணு, சக்கரம் நிக்கோணும்" என்பார். அந்தப் பேச்சு 51 வயதில், கோவையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் எனக்குத் தேவைப்படும் என்று அன்றைக்குத் தெரியாது.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வீட்டில் அண்ணனுக்குத்தான் சைக்கிள் வாங்கினார்கள். பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001-ல். அதற்கு வெகு முன்பே நான் படிப்பை முடித்து, கல்யாணமாகி, கணபதியில் எங்கள் பம்ப்செட் பட்டறையின் கணக்கு மேசைக்கு வந்துவிட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் நாற்காலியிலேயே போனது. போன வருடம் டாக்டர், "சர்க்கரை எல்லைக் கோட்டில நிக்குதும்மா" என்றார். அவிநாசி ரோட்டில் இனிமேல் சைக்கிள் பழக எனக்குத் தைரியமில்லை. விழாத சைக்கிள் ஒன்று இருக்கிறது என்று மருமகள் கூட்டிப் போனாள்.

ஸ்பின்னிங் கிளாஸ் என்றாள். இந்த ஊரில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த நாளிலிருந்து ஸ்பின்னிங் என்றால் நூல் நூற்பதுதான். இது வேறு. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜானி கோல்ட்பர்க் என்ற சைக்கிள் வீரர், 1980-களில் அமெரிக்காவில் நீண்ட தூரப் பந்தயத்துக்கு வீட்டுக்குள்ளேயே பழகுவதற்காக ஒரு சைக்கிளை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த வகுப்பு. ஒரே அறையில் இருபது சைக்கிள், மங்கலான வெளிச்சம், பாட்டு, முன்னால் ஒரு பயிற்சியாளர். பாட்டின் தாளத்துக்கு எல்லோரும் மிதிக்க வேண்டும்.

நமக்குப் புரிய வேண்டியது அதன் முன்னால் இருக்கும் சக்கரம். பதினைந்து, இருபது கிலோ இரும்பு. ரோட்டில் ஓடும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி தானாக ஓடும், கால் சும்மா இருக்கும். இதில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலையும் இழுத்துக்கொண்டு போகும். ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு திருகு. அதை வலப்பக்கம் திருப்பினால் மிதி கனக்கும், மேடு ஏறுவது போல. பெரும்பாலான சைக்கிளில் அதே திருகைக் கீழே அழுத்தினால் பிரேக். ஏறி உட்காரும் முன்பு இந்த ஒன்றைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கேட்கவில்லை. முதல் வகுப்பில் இரண்டாவது பாட்டிலேயே மூச்சு முட்டியது. அப்போதும் பயிற்சியாளர் "கூட்டுங்க, கூட்டுங்க" என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்ணைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினேன். முடியாமல் போனதும் சட்டென்று பெடல் பட்டையிலிருந்து காலை உருவினேன். சுற்றி வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பிலேயே அடித்தது. அடுத்த மூன்று நாள் பட்டறை மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

இந்த வலி சாதாரணம் என்று நினைத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். பழக்கமில்லாத உடம்பு முதல் நாளே அளவு மீறி மிதித்தால் தொடைத் தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முதல் வகுப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். இளவயது, நல்ல ஆரோக்கியம் என்றாலும் வரும். தொடை வீங்கி, வலி நாளுக்கு நாள் ஏறி, சிறுநீர் காபி டிக்காஷன் நிறத்தில் போனால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்விடுங்கள். பிரஷர், இதயக் கோளாறு, மூட்டு ஆபரேஷன் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

இரண்டாவது வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போனேன். பயிற்சியாளர் பொறுமையான பெண். சைக்கிள் பக்கத்தில் என்னை நிறுத்தி, சீட்டை என் இடுப்பெலும்பு மட்டத்துக்கு ஏற்றினார். உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீண்டால் சீட் உயரம், நன்றாக மடங்கினால் தாழ்வு. ஹேண்டில்பாரைச் சீட்டைவிடக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார், முதுகுக்காக. விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுப் பகுதிதான் பெடலை மிதிக்க வேண்டும், நடுப்பாதம் அல்ல. ஷூ லேஸை உள்ளே செருகச் சொன்னார். உட்காரும் இடம் முதல் நாலைந்து வகுப்புக்கு வலிக்கும், பிறகு பழகிவிடும் என்றார். பழகியது.

திருகை அறவே தளர்த்திவிட்டு வேகமாக மிதிப்பதும் தப்பு. கனமே இல்லாத சக்கரம் காலை உதறும், இடுப்பு சீட்டில் துள்ளும். பாதத்துக்குக் கீழே கொஞ்சம் பாரம் எப்போதும் தெரிய வேண்டும். பயிற்சியாளர் எழுந்து நின்று மிதிக்கச் சொன்னால் நீங்கள் உட்கார்ந்தே மிதிக்கலாம். இருபது நிமிடத்தில் வெளியே வந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அப்போதும் பாரத்தைக் குறைத்து, மெதுவாக மிதித்து, சக்கரம் நின்ற பிறகே இறங்க வேண்டும். மூச்சு வாங்கினாலும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்துக்கு அதுதான் அளவு.

இப்போது வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 15 நிமிடத்தை ரேஸ் கோர்ஸில் நடந்து சரிக்கட்டுகிறேன். மற்ற நாளில் வெளியே ஆடிக்காற்று அடிக்கும்போதும் கால் மிதிக்கத் தேடுகிறது.

போன வாரம் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாக என் பக்கத்துச் சைக்கிளில் உட்கார்ந்தாள். மூன்றாவது பாட்டில் குனிந்து, "எவ்வளவு திருகி வெச்சிருக்கீங்கக்கா?" என்றாள். நான் சொல்லவில்லை. எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தேன். பெருமாநல்லூருங்க்கா, மாமியாரோடு சேர்த்து ஐந்து பேருங்க என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தாள். அப்படியே மிதிம்மா என்றேன்.