சர்வர் பக்க நிரலாக்கம்: எந்தப் பாடத்தை நம்புவது?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தளத்தின் சர்வர் பக்க நிரலாக்கம், அதாவது பிரவுசருக்கு மறுமுனையில் தளத்தின் கணினியில் ஓடும் நிரலை எழுதுவது, கற்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் மொழியைத்தான் கேட்கிறார்கள். பிஎச்பியா, பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோடா? மூன்றிலும் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே அதில் பெரிய வம்பு இல்லை. எந்தப் பாடத்தை வைத்துப் படிக்கிறோம் என்பதில்தான் வம்பு.

இந்தத் துறையில் பழைய பாடம் வெறுமனே பழசாகிக் கிடப்பதில்லை, படிப்பவரையே குழப்பிவிடும். பிஎச்பியில், தகவல்களைச் சேமித்துவைக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேச முன்பு ஒரு தொகுதி ஃபங்ஷன்கள், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் வேலை செய்யும் தயார் நிரல் துண்டுகள், இருந்தன. 2013-இல் வந்த 5.5 பதிப்பிலேயே அவற்றைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் அடியோடு தூக்கிவிட்டார்கள். ஆனாலும் அவற்றைச் சொல்லித்தரும் பாடங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. ஒரு புதியவர் அதை வரிக்கு வரி பார்த்து அடிக்கிறார். 'அப்படியொரு ஃபங்ஷனே இல்லை' என்கிறது கணினி. எங்கே தப்பு செய்தோம் என்று அவர் விடியவிடிய மண்டையை உடைத்துக்கொள்கிறார், பாவம். ஒரு விதத்தில் அவர் தப்பித்தவர். பிழையே காட்டாமல் ஒழுங்காக ஓடுகிற மோசமான பாடம்தான் உண்மையில் ஆபத்து.

அதைக் கண்டுபிடிக்க முதல் அத்தியாயம் உதவாது. முதல் அத்தியாயம் எல்லாப் பாடத்திலும் அழகாகத்தான் இருக்கும். நேராக லாகின் பகுதிக்குப் போங்கள். பயனர் தட்டிய பெயரை அப்படியே, டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் கட்டளைக்குள் ஒட்டவைக்கிறார்களா என்று பாருங்கள். வானொலியில் நிரல் வரிகளைக் காட்ட முடியாது, சொல்லிப் பார்க்கிறேன். பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் ஒற்றை மேற்கோள் குறி போடுகிறார். அதையடுத்து 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' என்பதை எஸ்க்யூஎல்லில் எழுதி, கடைசியில் ஒரு கமெண்ட் குறியும் வைக்கிறார். மேற்கோள் குறியோடு பெயர் முடிந்துபோகிறது, பின்னால் வருவது கட்டளையாகிவிடுகிறது. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தானே? கமெண்ட் குறிக்கு அப்பால் இருக்கும் பாஸ்வேர்ட் சோதனை கணக்கிலேயே வராது. ஆள் உள்ளே வந்துவிடுவார்! இதைத்தான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்கிறார்கள். உருப்படியான பாடம் கட்டளையைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பும் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' முறையைத் தொடக்கத்திலிருந்தே பழக்கும். 'பாதுகாப்பைப் பிறகு பார்ப்போம்' என்று தள்ளுகிற பாடத்தில் அந்தப் பிறகு அநேகமாக வருவதே இல்லை.

அங்கேயே பாஸ்வேர்டை எப்படிச் சேமிக்கிறார்கள் என்றும் பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டைப் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றிவைக்கும் எம்டி5 என்ற முறையின் பெயர் கண்ணில் பட்டால் மூடிவைத்துவிடலாம். அது மிக வேகமானது, பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் திருடருக்கு அந்த வேகமே சாதகம். பிகிரிப்ட், ஆர்கான்2 போன்றவை வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்பவை, அவற்றைத்தான் பாடம் சொல்லித்தர வேண்டும்.

சரி, நம்பி எங்கே தொடங்குவது? அதிகாரபூர்வ ஆவணங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பிஎச்பி கையேட்டில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அது எந்தப் பதிப்புகளுக்குரியது என்று போட்டிருக்கும். பைத்தானில் தளம் கட்டத் தயாராகக் கிடைக்கும் நிரல் சட்டகம், அதாவது ஃபிரேம்வொர்க், ஜாங்கோ. அதன் டுடோரியல் ஒரு சின்ன வாக்கெடுப்புச் செயலியைப் படிப்படியாகக் கட்டிக்காட்டுகிறது. உங்களிடம் இருக்கும் பதிப்புக்கான பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். எம்டிஎன் என்ற இணைய நுட்ப ஆவணத் தளத்தின் சர்வர் பகுதி பிரவுசரும் சர்வரும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று விளக்கிவிட்டுத்தான் ஜாங்கோவுக்கும், நோடுக்கான எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்குக்கும் போகிறது. எனக்குப் பிடித்த வரிசை அதுதான். ஃபிரேம்வொர்க் மாறிக்கொண்டே இருக்கும், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபி அவ்வளவு சுலபமாக மாறாது. பிரவுசரில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு ஏதாவது ஒரு தளத்தில் லாகின் செய்து பாருங்கள். நீங்கள் தட்டியதைச் சுமந்துகொண்டு போஸ்ட் கோரிக்கை போவதும், பதிலோடு, பிரவுசரிடம் ஒரு சின்ன அடையாளக் குறிப்பை, அதாவது குக்கியைக் கொடுத்துவைக்கும் செட்-குக்கி என்ற வரி வருவதும், அடுத்தடுத்த கோரிக்கைகளில் அதே குக்கி திரும்பிப் போவதும் பெரும்பாலும் கண்ணெதிரே தெரியும். எச்டிடிபிக்கு முந்தைய கோரிக்கை நினைவில் இருப்பதில்லை, உங்களை அடையாளம் காட்டுவது அந்தக் குக்கிதான். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் லாகின் செய்தவரைத் தளம் நினைவில் வைத்திருப்பதைச் சொல்லும் செஷன் அத்தியாயம் பாதி புரிந்த மாதிரி.

வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒருவர் பிழையில் மாட்டிக்கொண்டு எப்படி வெளியே வருகிறார் என்று பார்க்க அவை நல்லவை. வெட்டிச் சுத்தம் செய்த வீடியோவில் அதுவும் கிடைக்காது.

அப்புறம், இப்போது பலரும் ஏஐயிடமே கேட்டுக்கொள்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. அது படித்து வளர்ந்ததில் அந்தப் பழைய பக்கங்களும் உண்டு. ஆகவே ஒரு லாகின் பக்கம் எழுதித் தரச் சொல்லி, அதையும் இதே கண்ணோடு படித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.