புது வீட்டுக்கு டிஷ்ஷா, ஃபைபரா?

வணக்கம் நேயர்களே. புது வீடு கட்டுகிறவர்களிடம் டிவி பேச்சு வந்தால், மாடியில் டிஷ் வைக்கலாமா, இல்லை ஃபைபர் இணைய இணைப்பு ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்பதுதான் முதல் கேள்வி. என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். எதை வாங்குவது என்பதைக் கிரகப்பிரவேசம் முடிந்து நிதானமாக யோசிக்கலாம். ஆனால் இரண்டுக்கும் பைப் மட்டும் பூச்சு வேலைக்கு முன்பே போட்டுவிடுங்கள். கம்பெனியை அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளலாம். பெயின்ட் அடித்த சுவரை யார் உடைப்பது?

மொட்டை மாடியிலிருந்து டிவி மாட்டப்போகிற சுவர் வரை ஒரு பைப், அதில் டிஷ் சிக்னலைக் கொண்டுவருகிற ஆர்ஜி6 கேபிள். ரவுட்டர் வைக்கிற இடத்திலிருந்து அதே சுவருக்கு இன்னொரு பைப், அதில் இணையத்தைக் கொண்டுவருகிற கேட்6 கேபிள். கரன்ட் ஒயர் போகிற பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹாலில் ஒரு டிவி, படுக்கையறையில் ஒரு டிவி என்றால் மாடியிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இறங்க வேண்டும். ஒரே கேபிளை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்தால் என்ன என்று கேட்பார்கள். பொதுவாகச் சரிப்படாது, ஏனென்றால் செட்டாப் பாக்ஸ் அந்தக் கேபிள் வழியாகவே டிஷ்ஷின் மூக்கில் இருந்து அலையை வாங்குகிற எல்என்பி என்கிற கருவிக்கு 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எந்த வகை அலையை வாங்க வேண்டும் என்று சொல்கிறது, இரண்டு பாக்ஸ் ஒரே கம்பியில் வேறு வேறு கட்டளை போட்டால் எல்என்பி யார் பேச்சைக் கேட்கும்?

டிஷ் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதையும் முன்பே பார்த்து வைக்க வேண்டும். டிஷ்ஷுக்குச் சேனல்களை அனுப்புகிற செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. சென்னையிலிருந்து பார்த்தால் டாடா பிளே டிஷ் ஏறத்தாழத் தெற்கே, சன் டைரக்ட் தென்கிழக்கே, ஏர்டெல் இன்னும் கிழக்கே தள்ளிப் பார்க்கும். நமக்கு ஒரு வசதி, அவை வானத்தில் நல்ல உயரத்தில் இருப்பதால் பக்கத்துத் தெரு அடுக்குமாடிக் கட்டடம் குறுக்கே வராது, ஒட்டி நிற்கிற தென்னைமரம் வரலாம். ஆனால் அபார்ட்மென்டில் உங்களுக்குக் கிடைத்திருப்பது வடக்குப் பார்த்த பால்கனி மட்டும்தான், மாடியில் வைக்க அசோசியேஷன் விடாது என்றால், டிஷ்ஷை மறந்துவிடுங்கள். அப்புறம், தளத்தில் ஓட்டை போட்டு போல்ட் அடிக்க விடவே விடாதீர்கள், மழைநீர் இறங்கும். கைப்பிடிச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

மழை பெய்தால் டிஷ் டிவி போய்விடும் என்பது உண்மைதான், அந்த அலைவரிசைக்குப் பெருமழை ஆகாது. ஆனால் கொட்டு கொட்டென்று கொட்டுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான், மழை தணிந்ததும் படம் தானாக வந்துவிடும். ஃபைபருக்கு மழை ஒன்றும் செய்யாது. அதற்கு எதிரி நம் தெருதான். கண்ணாடி இழையைக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டிருக்கிறோம், ஒரு கிளை முறிந்தால், ஒரு லாரி உரசினால் போச்சு, சரிசெய்ய ஆள் வர வேண்டும். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல்கள் இரண்டையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதற்காக டிஷ் என்றால் ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு வந்து சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் கருவிகளில் பாதியை நிறுத்தினார்கள், சன் டைரக்ட் மீசாட்-3 என்கிற வேறு செயற்கைக்கோளுக்கு மாற வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்காரப் போவது யார்? அம்மா அப்பா என்றால் நான் தயங்காமல் டிஷ் என்பேன். ரிமோட்டில் நம்பரை அமுக்கினால் சேனல் வரும், அவ்வளவுதான். இணையத்தில் சன் டிவி தொடருக்கு சன் நெக்ஸ்ட், விஜய் தொடருக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழ் தொடருக்கு ஜீ5 என்று ஆப் மாறி ஆப் போக வேண்டும், நடுவில் ஒருநாள் லாக்-இன் கேட்கும், ஓடிபி வேறு ஊரில் இருக்கிற மகன் போனுக்குப் போகும். மகன் மீட்டிங்கில் இருப்பான்.

இருப்பது இளம் தம்பதி, வீட்டிலிருந்தே வேலை, எப்படியும் ஃபைபர் இருக்கிறது என்றால் டிஷ்ஷுக்குத் தனியாகப் பணம் கட்டுவது வீண். ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், அதைவிடத் துல்லியமான 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் இணைய வேகம் இருந்தால் ஓடிவிடும், அதனால் 300 எம்பிபிஎஸ் பிளான் விற்க வருகிறவரை நம்பாதீர்கள். படம் சுற்றிக்கொண்டே நிற்பதற்குப் பல வீடுகளில் காரணம் வேகமில்லை, ரவுட்டரை வாசல் பக்க லாஃப்டில் ஏற்றிவிட்டு இரண்டு செங்கல் சுவர் தாண்டி வைஃபை வரும் என்று எதிர்பார்ப்பதுதான். கேட்6 போடச் சொன்னது அதற்காகத்தான்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பில் வருகிற நேரலை, டிஷ்ஷில் வருவதைவிடப் பல நொடிகள் பின்தங்கியே வரும். நீங்கள் பவுலர் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டில் "சிக்ஸ்" என்று கத்திவிடுவார்கள்.

செலவைப் பொறுத்தவரை, 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கட்டலாம், அதற்கு மேல் நெட்வொர்க் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் உச்சவரம்பை 2024-இல் எடுத்துவிட்டார்கள், ஆகவே கம்பெனிக்குக் கம்பெனி விசாரித்தே ஆக வேண்டும். மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷும் இருக்கிறது, டிடி தமிழ் பார்க்கலாம், ஆனால் நம் வீடுகளில் கேட்கிற தனியார் தமிழ்ச் சேனல்களை நம்பி அதை வாங்காதீர்கள். மாதக் கட்டணம் கேட்காத இன்னொரு பெட்டியான ரேடியோவில்தான் இப்போது நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

கடைசியாக ஒரு வேலை. பைப் போட்டு முடித்ததும், கொத்தனார் பூசுவதற்கு முன்னால், சுவரில் டேப்பைப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு டிவி ஸ்டாண்டுக்கு டிரில் போட வருகிறவரிடம் அதைக் காட்டலாம். நன்றி, வணக்கம்.