கடைமடையும் கடைவாயும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. பலர் கேட்டதால் எழுதிப் போடுகிறேன். நடுவில் கரண்ட் போய் மைக் இல்லாமல் பேசிய பகுதி பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது, அதையும் சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் பாசன சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு, சாப்பிடக்கூடப் போகாமல் வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, என்னை அளவுக்கு மேல் புகழ்ந்துவிட்ட நூலகர் தம்பி, நன்றியுரை சொல்லக் காத்திருக்கும் தபால்கார அண்ணன், பந்தல் போட்ட பிள்ளைகள், முன்வரிசையில் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் அப்பாயிமார்கள், அம்மாச்சிமார்கள், எல்லோருக்கும் வணக்கம்.

பாசன சங்கத் தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்கு மனசு ஆறாது. போன வருஷம் சித்திரை வெயிலில் குடைகூட இல்லாமல் கரையில் நின்று, நம் ஊர்க் கண்ணி வாய்க்காலைக் கடைசி மதகு வரை தூர்வார வைத்தார். மேட்டூரில் ஜூன் 12 திறப்பதற்குள் முடிய வேண்டும் என்று அவர் அன்றைக்குச் சொன்ன பழமொழியைத்தான் இன்றைக்கு நான் கடன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வெள்ளம் வருமுன் அணை போடு.

மகளிர் குழுவினர் பொன்னாடை போர்த்தினீர்கள், அந்த அன்பு பெரிது. ஆனால் இனிமேல் எந்த மேடையிலும் எனக்குச் சால்வை வேண்டாம். அந்தக் காசுக்குச் சின்னப் பிள்ளைகள் பிரஷ் ஏழெட்டு வாங்கலாம், அதைக் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

நாலு விஷயம் பேசுவதாக நூலகர் தம்பியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பல் எப்படிச் சொத்தையாகிறது, ஃப்ளோரைடை எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது, தின்பண்டம், அப்புறம் பெரியவர்களின் வெற்றிலை புகையிலை.

முதலில் பல். வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. நாம் தின்கிற இனிப்பை அவையும் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சைக் கரைக்கிறது. எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, கரைந்த சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்க அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் போனால் வைத்ததெல்லாம் போச்சு. அதனால் எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதுதான் கணக்கு. சோற்றோடு ஒரு கட்டி வெல்லம் தின்கிற பிள்ளையைவிட, சாயந்திரம் முழுக்கக் கமர்கட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடும், சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்க வைக்காதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

இப்போது ஒரு பையன் கதை. அவன் அப்பாயி சம்மதத்தோடுதான் சொல்கிறேன், சொல்லுங்கள் டீச்சர் என்று அவர்களே சொன்னார்கள்.

2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். அப்போது நான் தலைமையாசிரியர். பிள்ளைகள் எட்டு மணிக்கே தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கிச்சடியை ஒவ்வொரு பருக்கையாக முன்பல்லால் கொறிப்பான், மிச்சத்தைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிடுவான். அரசாங்கம் போடுகிற சோற்றை வீணாக்குகிறாயா என்று நான் அவனைத் திட்டியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, மூன்று நாலு தடவை. இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

ஐப்பசி மழையில் இரண்டு நாள் அவன் வரவில்லை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். திண்ணையில் கொட்டாங்கச்சி, அதில் தணல், அதன் மேல் கண்டங்கத்திரி விதை. அந்தப் புகையை அவன் வாய்க்குள் பிடித்துக்கொண்டிருந்தார் அப்பாயி. அப்பா திருப்பூரில், அம்மா நடவுக்குப் போயிருந்தாள். முதலில் கிராம்பு வைத்துப் பார்த்தார்களாம், அப்புறம் கற்பூரம், கடைசியில் இது. ஒரு கிண்ணத்துத் தண்ணீரைக் காட்டி, "பாருங்க டீச்சர், பூச்சி விழுந்துருக்கு" என்றார். வெள்ளையாக ஏதோ மிதந்தது. எடுத்து விரலில் வைத்துப் பார்த்தேன், வெந்து பிளந்த விதையின் உள்முளை. பையனின் கன்னம் ஒரு பக்கம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நாங்கள் மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். வழி முழுக்க அப்பாயி சொல்லிக்கொண்டே வந்தார், "பால் பல்லுதானே தாயி, விழுந்து மொளைக்கும், இதுக்குப் போயி நீங்க லீவு போட்டு வரணுமா." பல் டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு அப்பாயியைத்தான் முதலில் உட்காரச் சொன்னார். "அம்மா, இது பால் பல் இல்லை. ஆறு வயசில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற நிரந்தரப் பல். வந்து ஒரு வருஷம்தான் இருக்கும். எண்பது வயசு வரைக்கும் இருக்க வேண்டியது." காப்பாற்றுகிற கட்டம் தாண்டிவிட்டது என்று பிடுங்கினார்கள்.

அதோடு முடியவில்லை. பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் தொழுவத்துக்கு ஓடி, சாணியை உருட்டி, பல்லை உள்ளே வைத்து, எல்லாப் பிள்ளைகளும் செய்கிற மாதிரி ஓட்டுக் கூரை மேல் எறிந்தான். எறிந்துவிட்டு என்னிடம் கேட்டான்: "டீச்சர், இது எப்ப மொளைக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. அப்பாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆறு வயசுப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலும் கீழும், இரண்டு பக்கமும், கடைசியில் நாலு புதுப் பல். மேல் பக்கம் ரவை சிக்குகிற அளவுக்குப் பள்ளம் பள்ளமாக இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கல்லணையில் தண்ணீர் பார்க்க அழகாகத்தான் ஓடுகிறது, கடைமடைக்கு வந்ததா என்றுதானே நாம் கேட்போம்? பிள்ளை கையில் பிரஷைக் கொடுத்தால் முன்பல்லில் கல்லணை ஓட்டம்தான் ஓட்டுவான், கடைவாய்க்கு ஒரு சொட்டுப் போகாது. அதனால் ஏழெட்டு வயசு வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் தேய்ப்பதைத் தவறவே விடக்கூடாது. வெள்ளம் வருமுன் அணை போடு.

ஃப்ளோரைடுக்கு வருகிறேன். இது விஷம் என்று ஒரு பக்கம் வாட்ஸப்பில் வருகிறது, இன்னொரு பக்கம் விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் பசையை வளைத்து வைக்கிறார்கள். இரண்டையும் நம்பாதீர்கள். பசையில் இருக்கும் ஃப்ளோரைடு பல்லின் மேல் படிந்து, கரைந்த சத்து திரும்பி வந்து சேர உதவுகிறது, சேர்ந்த இடத்தை அமிலத்துக்கு முன்னைவிடக் கெட்டியாக்குகிறது. நம் நாட்டுச் சட்டப்படி பற்பசையில் 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது, அதாவது ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. அரிசி என்றால் நம் பொன்னி அரிசி, ஒன்றே ஒன்று. தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், டம்ளர் டம்ளராகக் கொப்பளித்துப் பசையை முழுக்கக் கழுவிவிட வேண்டாம். டியூப் பிள்ளைக்கு எட்டாத பரணில் இருக்கட்டும். மிட்டாய் வாசனைக்காக நிறைய விழுங்கிவிட்டால் கொஞ்சம் பால் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1937-லேயே பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம், கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டதை டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரியில் பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீரில் அதே சங்கடம், பழுப்புப் பல்லோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் அதற்காகத்தான் வந்தது. யோசித்துப் பாருங்கள், நாம் குறுவைக்குக் கேட்கிற அதே காவிரிதான் அங்கே பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றப் போகிறது. தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 தான் எல்லை. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். உங்கள் போர் தண்ணீர் எப்படி என்று ஊகிக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கையடக்கச் சோதனைப் பெட்டியில் தண்ணீரைப் பார்க்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். நம் ஊரில் யார் அந்த ஐந்து பேர், பெட்டி எங்கே இருக்கிறது? இன்றைக்கே விசாரியுங்கள்.

தின்பண்டத்தைப் பற்றி நிறைய எழுதி வந்தேன், மணி ஆகிவிட்டது. பிறந்தநாளுக்குச் சாக்லேட் வேண்டாம், வேர்க்கடலை கொடுங்கள், கொய்யாப்பழம் கொடுங்கள், அவ்வளவுதான். பெரியவர்களின் வெற்றிலை புகையிலையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பல் டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தடவிவிடுகிற ஃப்ளோரைடு பூச்சைப் பற்றி டாக்டர் அம்மா சொல்வார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்று. குழாய். காலை உணவு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இரண்டு நிமிஷம் பல் தேய்க்க வேண்டும், பக்கத்தில் ஒரு டீச்சரோ சமையல் அக்காவோ நின்று பட்டாணி அளவு பசை வைத்துத் துப்பச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் 2006 முதல் சைல்ட்ஸ்மைல் என்ற பெயரில் மழலையர் பள்ளிகளில் இதைத்தான் செய்கிறார்கள். வீட்டில் தேய்க்க ஆள் இல்லாத பிள்ளைக்கும் அங்கே ஃப்ளோரைடு கிடைத்துவிடுகிறது, அளவும் பெரியவர் கையில் இருக்கிறது. அம்மா நடவுக்குப் போய்விட்ட, அப்பா திருப்பூரில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு வேறு என்ன வழி?

எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே குழாய். கீழே சேறு, பிள்ளைக்கு எட்டாத உயரம், திருகினால் பாதி நாள் காற்றுதான் வரும். பத்துக் குழாய் வேண்டும், இடுப்புயரத்தில், அடியில் ஒரு சிமென்ட் தொட்டி. சுவரில் ஒன்றோடொன்று படாமல் பிரஷ் மாட்ட ஆணி வரிசை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். மதகுக்குப் பணம் இருக்கிறது, கரைக்குப் பணம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பது பிள்ளை வாய்க்கும் சேர்த்துத்தானே ஐயா? கல்வி அலுவலர் அம்மா குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன், நன்றி அம்மா.

மனு எழுதி வந்திருக்கிறேன், நூலகத்து மேசையில் இருக்கிறது, பக்கத்தில் இரண்டு பேனா, ஒரு மைப்பெட்டி. முதலில் இருப்பது அந்தப் பையனின் அப்பாயி வைத்த கைநாட்டு. டீ குடிக்கப் போகிற வழியில் அதற்குக் கீழே உங்கள் பெயரையும் போட்டுவிட்டுப் போங்கள்.