கிளையில் தொங்கிய சோறு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உப்புச் சத்தியாகிரகம் என்றதும் எல்லோருக்கும் தண்டிதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேதாரண்யம் நடைப்பயணத்தைப் பற்றி. அதிலும் உப்பைவிடச் சோற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1930 ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து சரியாகப் 11 வருஷம் ஆன நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு கிளம்பினார். வேதாரண்யத்துக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். கொளுத்தும் வெயில். ராஜாஜிக்கு வயது 51, ஆஸ்துமா வேறு.

அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். நடந்து வருகிறவர்களுக்கு யாராவது சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் சிறை, அபராதமும் உண்டு என்று எச்சரித்தார். ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள். அடி விழுந்தால் தாங்கிக்கொள்வோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவர்களைப் பசியால் மடக்கப் பார்த்தார் அவர்.

ஆனால் வாசலுக்கு வந்தவருக்குச் சோறு போடாதே என்று தஞ்சாவூர்ச் சீமையில் சொன்னால் எடுபடுமா? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் எல்லோரையும் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். ஆறு மாதம் சிறைக்குப் போனார். நேரில் பரிமாற முடியாத ஊர்களில் ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கட்டியது யார் என்று போலீஸ் யாரைக் கேட்கும், மரத்தையா? விடிவதற்கு முன்பே உலை வைத்து, ஆறவைத்து, மடித்துக் கட்டிய அந்தக் கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ராஜாஜியின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்பேன். 240 கிலோமீட்டர் எல்லோராலும் நடக்க முடியாது. அடுப்பு மூட்ட முடியும். அவர் வகுத்த போராட்டத்தில், வீட்டைவிட்டு வெளியே வராதவர்களுக்கும் ஒரு வேலை இருந்தது. ஜனங்களுக்கு அரசின்மேல் பக்தி என்று ஏதாவது இருந்திருந்தால் அது இப்போது செத்துப்போய்விட்டது என்று தார்னே பிறகு எழுதினார்.

ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அங்கே எல்லா ஏற்பாடுகளையும் தோளில் சுமந்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளினார். கைது, ஆறு மாதம் சிறை.

அப்புறம் வைரப்பன். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி. தன் முன்னால் உட்கார்ந்திருப்பது போலீஸ்காரர் என்று பாதிச் சவரத்தில் தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதியையும் முடி என்று மிரட்டியும் மசியவில்லை. அவருக்கும் அதே ஆறு மாதம்.

நன்றி, வணக்கம்.